இரண்டு கேன் தண்ணீர்

சனி ராத்திரியே ஊறப்போட்டேன்.
தேயிலை டிகாக்‌ஷன், அரை மூடி எலுமிச்சை,
நாலு கிராம்பு.
காது உடைந்த இரும்புச் சட்டியில்
மருதாணிப் பொடி குழைந்து
விடியும்போது விளிம்பெல்லாம் கறுத்துக் கிடந்தது.

முபீனா சொன்ன கணக்கு இது.
"கறுப்பு வேணும்னா அவுரி சேத்துக்கோ.
இது செவக்கும். செவந்தா உனக்கென்ன,
யாரு கேக்கப் போறா?"

போன ஆடியில் பாக்கெட் கறுப்பைப் பூசி
நெற்றி வீங்கி, கண் இரண்டும் மூடி,
தருமபுரி பெரியாஸ்பத்திரி பெஞ்சில்
மூன்று நாள் ஊசிக்கு உட்கார்ந்தவள் நான்.
"இன்னொரு தடவை டை போட்டே, நேரா ஐசியூதான்"
என்று திட்டி முடித்த பிறகுதான்
டாக்டரம்மா பேர் கேட்டார்.
மாதேஸ்வரி.
வயசு நாற்பத்தி நாலு.

ஞாயிறு பத்து மணி.
ஜவுளிக்கடைப் பையைத் தலையில் மாட்டி
காதோரம் ஒழுகும் பச்சையைத்
துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தேன்.
மழையில் நனைந்த வைக்கோல்போர் ஒன்று
வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த வாசம்.

இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால்
காற்று மட்டும் இருமியது.
"ஒகேனக்கல் தண்ணி இன்னிக்கு இல்ல,
பைப்பு ஒடஞ்சிருக்காம்"
மாடியிலிருந்து வீட்டுக்காரர்.
"போர்ல அடிச்சுக்கோம்மா."

போர்.
அந்தச் சொல்லைக் கேட்டால்
என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.
காரிமங்கலத்துக்கு அந்தப்பக்கம்
எங்கள் தெரு முழுக்க ஒரே பல்.
பழுப்புக் கோடு, நடுவில் சுண்ணாம்பு வெள்ளை.
பாறைக்கடித் தண்ணீர்
எங்களைக் கேட்காமல் பூசிய சாயம்.
கல்யாண ஆல்பத்தில் நான் சிரித்த படம் கிடையாது.
"பொண்ணு ரொம்ப அடக்கம்" என்றார்கள் அவர் வீட்டில்.
வேறொருத்தியோடு அவர் ஓசூர் போனபோதும்
அடக்கமாகத்தான் நின்றிருக்கிறேன்.

தலையில் சேறு
ஓடாய் இறுகத் தொடங்கியது.
போர்த் தண்ணீர் முடியை ஒன்றும் செய்யாது, தெரியும்.
தெரிந்தும் மோட்டார் சுவிட்சுக்குக் கை போகவில்லை.
கேன் கடைக்கு போன் போட்டேன்.
"ரெண்டு."
"விருந்தாளியாக்கா?"
"ஆமா."

தூக்கி வந்த பையன் ஸ்டாண்டைத் தேடினான்.
பாத்ரூம்ல வை என்றேன்.
பையைப் பார்த்தான்,
கழுத்தில் வழியும் பச்சையைப் பார்த்தான்,
சில்லறையை எண்ணாமலே போய்விட்டான்.

எழுபது ரூபாய்க்குக் குடிதண்ணீர்.
முதல் சொம்பு ஊற்றும்போது
இடுப்பில் குடத்தோடு
மூன்று கிலோமீட்டர் நடந்து வந்த ஏழாம் வகுப்புக்காரி ஒருத்தி
கதவுக்கு வெளியே நின்று
கெட்ட வார்த்தையில் திட்டினாள்.
நான் தாழ்ப்பாளை எடுக்கவில்லை.
நாலாவது சொம்புக்கு
செம்மண் ஏரி உடைந்த மாதிரி ஓடியது தரை.
நாற்பது லிட்டரையும் தீர்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

கறுப்பு முடிக்கு எதுவும் தெரியவில்லை.
வெளுத்த இடத்தில் மட்டும்
தாமிரக் கம்பி, தாமிரக் கம்பியாய்.
வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு
மாட்டுப்பொங்கல் கொம்பு.
சிரிப்பு வந்துவிட்டது.
கண்ணாடிக்குள் பல்லும் முடியும்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் எதிரே
ஜெராக்ஸ் மிஷின் மூடியைத் தூக்கினேன்.
பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவரின் புலப்படம்.
காயாத பின்னலிலிருந்து ஒரு சொட்டு
அவர் காட்டுக்கு நட்ட நடுவில் விழுந்து
ஆரஞ்சாய்ப் பரவியது.
நகலில் அது கறுப்பு.

இரண்டு தாளையும் பிடித்துப் பார்த்துவிட்டு
"என்னம்மா, எங்காட்ல கெணறு வெட்டிட்டே?" என்றார்.
கோபமா என்று தெரியவில்லை.
"தண்ணி எப்படி இருக்கும்?"

"நல்ல தண்ணிதாங்க" என்றேன்,
வாயைப் பொத்த மறந்து.