ஈரக் கழிவு

"எத்தனை மணிக்கு வருவ?"
எல்லாக் கடையிலும் முதலில் இதைத்தான் கேட்டார்கள்.
பேர் அப்புறம்தான்.

ராமேஸ்வரத்தில் சங்குக் கடைக்காரர்
சனி ஞாயிறு மட்டும் என்றதும் சிரித்தார்.
"அமாவாசை செவ்வாக்கிழமை வந்தா
கூட்டத்தத் திருப்பி அனுப்பிரலாமா தாயி?"
தங்கச்சிமடம் ஜெராக்ஸ் கடையில்
ஏற்கெனவே ஒரு எம்.எஸ்சி. நின்றாள்.
ராமநாதபுரம் ஜவுளிக்கடையில்
காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது,
உட்கார ஸ்டூல் கிடையாது.
நான் கேட்டது ஸ்டூல் இல்லை,
நடுவில் ஐந்து மணி நேரம்.

கல்லூரி ஒன்பதரைக்கு.
பாம்பனில் பேருந்து ஏழே முக்காலுக்கு.
அதற்கு முன்னால் கிடக்கிற இருட்டை
யாராவது விலைக்கு எடுப்பார்களா என்று பார்த்தேன்.

நண்டுக் கம்பெனி எடுத்தது.

நாலரைக்குப் போய்விட வேண்டும்.
ஒரு டியூப்லைட், கால் ஆடும் மேசை,
கார்பன் தாள் வைத்த பில் புத்தகம்.
வலையோடு வந்த பாசியும் சேர்ந்து
நீலக்கால் நண்டு தராசில் ஏறும்.
களஞ்சியம் அண்ணன் எடையைக் கூவுவார்,
நான் எழுதுவேன்.
"எழுதும்போது கிலோவுக்கு நூறு குறைச்சுக்க.
தண்ணி சொட்டுதுல்ல. ஈரக் கழிவு."
நாலு அறுநூறு என்று கூவினால்
நாலு நூற்று நாற்பது.
மனக்கணக்கு வேகத்தைச் சோதித்துத்தான்
வேலைக்கே எடுத்தார்.
நாளுக்கு நூற்றைம்பது.
படகு போகாத நாளுக்கு ஒன்றுமில்லை.

முதல் வாரம், வகுப்பில்,
சுமையா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ஜன்னலோர இடத்தை
எனக்கு விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.
அது உதவியா என்று இன்றுவரை தெரியாது.
எலுமிச்சை, காபித்தூள், ஷாம்பு,
எதற்கும் நகக்கண் மசியவில்லை.

கணக்குப் பதிவியல் மேடம்
கழிவு இரண்டு வகை என்றார்:
வணிகக் கழிவு, ரொக்கக் கழிவு.
கையைத் தூக்கினேன்.
ஈரக் கழிவு எதில் சேரும் மேடம்?
வகுப்பு சிரித்தது.
மேடம் கோபித்துக்கொள்ளவில்லை,
"சிலபஸ்ல இருக்கறத மட்டும் கேளு" என்றார்.

கார்த்திகையில் மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றினார்கள்.
நாலு நாள்.
படகெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.
செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகையில்
அம்மா அரிசி வாங்கினாள்,
என்னைக் கேட்டுவிட்டுத்தான்.

ஐந்தாம் நாள் இருதயமேரி அக்கா வந்தார்.
பாதி வலை பாறையில் போய்விட்டதாம்.
தராசில் ஏறியது எட்டு நண்டு.
"ஒண்ணு எழுநூறு!"
அக்காவுக்குப் படிக்கத் தெரியாது,
என் பேனா நகர்வதையே பார்ப்பார்.
பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:
"காலேஜ் பிள்ள எழுதுது, சரியாத்தான் இருக்கும்."

ஒன்று ஐந்நூற்று முப்பது.
எனக்குத் தெரியும்.
ஒன்று எழுநூறு என்று எழுதியிருந்தேன்.
திட்டமெல்லாம் இல்லை,
பேனா அப்படிப் போய்விட்டது.
கார்பன் அதை அடுத்த தாளுக்கும் சொல்லிவிட்டது.

ஏழரைக்குக் களஞ்சியம் அண்ணன்
புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.
சத்தம் போடவில்லை.
நூற்றெழுபது கிராம், கிலோ நானூறு,
அறுபத்தெட்டு ரூபாய்.
என் பேருக்கு நேரே அவரே எழுதினார்,
பற்று: அறுபத்தெட்டு.
எண்பத்திரண்டை எண்ணி வைத்தார்.
"நாளைக்கு வருவியா?"
வருவேன் என்றேன்.
எப்படி எழுதுவேன் என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பேருந்து வரப் பத்து நிமிடம் இருந்தது.
டீக்கடையில் கொடுத்த பத்து ரூபாய்
ஓரமெல்லாம் நனைந்திருந்தது.
கடைக்காரர் அதை உதறி
டப்பா மூடியில் காய வைத்தார்,
முழுப் பத்து ரூபாயாக.