காலி லோரியின் எடை

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது.
போகும்போது எதையோ கையோடு எடுத்துப் போனது.
என்னவென்று கேட்காதீர்கள்,
அதைத்தான் மறந்திருக்கிறேன்.

பாடாங் செராய்க்கு வெளியே
செம்பனை ஆலை வாசலில் எடைமேடைக் கிராணி நான்.
பதினேழு வருடம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோரி ஏறும்,
நம்பர் தட்டைப் பார்த்ததும்
அதன் காலி எடை நாக்கு நுனிக்கு வந்துவிடும்.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் லோரி
மறுபடி ஏற வேண்டும், அதுதான் முறை.
வரிசை நீண்டுபோன நாட்களில் மேனேஜர் கத்துவார்:
"மாதங்கி மண்டையே கம்ப்யூட்டர், விடு, போகட்டும்!"
போவார்கள்.

கோறனி இரண்டாம் தடவை வந்தபின்
அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ வரக்கோப்பி கொட்டியது போல.
மகனை நாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள்.
விளக்குமாறு என்ற சொல் வராமல்
"அதான்பா, தரைக்குச் சீப்பு" என்றேன்.

பத்மலோசனி அக்கா ஐந்து டப்பா கொண்டுவந்தாள்.
மீனெண்ணெய். கிங்கோ இலை. துத்தநாகம்.
சிங்கப்பிடரி என்று பெயர்வைத்த ஏதோ காளான் பொடி.
ஐந்தாவது மூளைக்குப் பெட்ரோலாம்,
டப்பா மேல் ஒரு வெள்ளைக்காரர் எனக்காகச் சிரித்தார்.
நானூற்று எண்பது வெள்ளி, தவணையிலும் தரலாம்.
அக்காவுக்கு மேலே ஒருத்தி,
அவளுக்கு மேலே ஒருவன்.
மேலே போகப்போக யாருக்கும் கணக்கு மறப்பதில்லை.

கிளினிக்கில் டாக்டர் நோர்ஹஸ்லிண்டா
டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
பி பன்னிரண்டு கொஞ்சம் குறைவு, அதற்கு மாத்திரை உண்டு,
மற்றதெல்லாம் உதவும் என்று என்னால் சொல்ல முடியாது,
நன்றாகத் தூங்குங்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்
என்றார் மலாயில்.
எழுதி வைக்கச் சொன்னார் என்று
எழுதி வைத்தேன்.

மீனெண்ணெயை மட்டும் விடவில்லை.
காசு கொடுத்தது.
மத்தியானம் வரை ஏப்பத்தில் மத்தி நீந்தும்.

அப்புறம் ஒரு செவ்வாய். வரிசை கேட்டைத் தாண்டி.
அங்கப்பனின் லோரி. எட்டு ஏக்கர்க்காரர்.
நம்பர் தட்டைப் பார்த்தேன்.
நாக்கில் ஒன்றுமில்லை, உப்புகூட இல்லை.
"கொட்டிட்டுத் திரும்ப ஏறுங்கண்ணே."
பின்னால் ஹார்ன், ஹார்ன் மேல் ஹார்ன்.
ரொபியுல் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்து நின்றான்.
திரை சொன்னது: மூவாயிரத்து எண்ணூற்று அறுபது.

பழைய சீட்டுகளில் என் கையெழுத்துக்கு மேலே
நாலாயிரத்து நூற்று இருபது.

இரும்புப் பெட்டியைக் கழற்றி விற்றாராம்,
பின்கதவையும் மாற்றினாராம்,
மூன்று தீபாவளி ஆகிவிட்டது என்று சிரித்தார்,
ஏன் கேட்கிறேன் என்று தெரியாமல்.

மாதம் இரண்டு நடை.
நடைக்கு இருநூற்று அறுபது கிலோ பழத்தை
நான் லோரி என்று எழுதியிருக்கிறேன்.
மறதி இல்லாத காலத்தில்.
எல்லோரும் மெச்சிய காலத்தில்.

அன்றிரவு ஐந்து டப்பாவும் மேசைமேல்.
மூடியைத் திறந்து மூடினேன்.
திறந்தேன்.
இன்னும் எத்தனை லோரி
அந்தப் பழைய மண்டைக்குள் நின்றுகொண்டிருக்கிறதோ.
நோட்டில் கோடு போட்டு
நம்பர்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன்,
நினைவு வந்தவரை.

மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.
அல்லது சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை, அங்கப்பன் வீட்டுக்குப் போகும் வழி.
மோட்டாரை மெதுவாக்கி உள்ளங்கையைப் பார்க்கிறேன்.
வியர்வையில் பூஜ்யம் கரைந்துபோய்
இருபத்தாறு என்றிருக்கிறது.
சின்னத் தொகை. மன்னித்துவிடுவார்.

பால்வெட்டு நிறுத்திய பழைய ரப்பர் வரிசை ஓரம்
வண்டியை நிறுத்தி
பைக்குள் நோட்டைத் தேடுகிறேன்.