உள்ளே விடும் துணி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும் நேரத்தில்
மோட்டார் காயில் கட்டும் கடையின் மேல்மாடியில்
நாங்கள் இழுத்துக்கொண்டிருப்போம்.
பதினொன்றிலிருந்து ஒன்றுவரை பெண்களுக்கு.
பெண்கள் என்றால்
நானும் நூர்ஜகானும்தான்.

கூட்ஸ் வண்டி போகும்போது
இரும்புத் தட்டுகள் தாமாகக் கிணுகிணுக்கும்.
கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன்.
ஸ்கேன் சென்டர் பில் கவுன்ட்டரில்
பத்து வருடம் குனிந்து
காதுவரை ஏறிவிட்ட தோள்கள்
இறங்க மாட்டேன் என்கின்றன.

"கைய மறந்துடு.
முழங்கைய பின்பாக்கெட்டுல போடுற மாதிரி இழு"
என்கிறாள் ஷேர் ஆட்டோ ஓட்டும் நூர்ஜகான்.
எனக்கேது பின்பாக்கெட்.
இருந்தும் போடுகிறேன்.
தோள்பட்டை எலும்புகள் இரண்டும்
பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள்போல்
ஒரு கணம் நெருங்கி
விலகிக்கொள்கின்றன.

முதல் மூன்று மாதம் ஒரு புல்-அப் கூட இல்லை.
ஸ்டூல் போட்டு மேலே போய்
மெல்ல, மிக மெல்ல இறங்குவது மட்டும்.
இறங்கத் தெரிந்தால் ஏறவும் வருமாம்.
நம்பவில்லை.
செய்தேன்.

புஜத்துக்குக் கண்ணாடி உண்டு.
முதுகு வளர்வதோ
நம்மைப் பற்றித் தெருவில் பேசுவதுபோல்
நமக்குப் பின்னால் நடக்கிற காரியம்.
முதுகு காட்டுவது இழுக்கு என்று
பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன்.
"இழுக்கோ கிழுக்கோ, நீ இழு"
என்று போனில் படம் பிடித்தாள்.

யாரோ ஒருத்தியின் முதுகு.
கழுத்தடியில் இரண்டு மேடு,
நடுவில் வியர்வை ஓடும் வாய்க்கால்.
இடப்பக்க மச்சத்தை வைத்துத்தான்
நான் என்று கண்டுபிடித்தேன்.

போன வாரம் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
சிலிண்டர் போடுகிறவன் கீழேயே இறக்கிவிட்டுப் போனான்.
தூக்கிக்கொண்டு ஏறினேன்.
இரண்டாம் மாடியில் எதிரே வந்த வீட்டுக்காரர்
"குடு" என்று கை நீட்டினார்.
"வழிய விடுங்க" என்றேன்.
கோபமாக இல்லை.
மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

ஈஸ்டர் ஜாக்கெட்டுக்கு
சூசையப்பன் டெய்லரிடம் போனேன்.
பழைய நோட்டைப் புரட்டினார். பதினாலு.
டேப்பை வைத்தார், எடுத்தார்,
டேப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு
மறுபடி வைத்தார்.
பதினைந்தரை.

கடைக்கு வெளியே எண்ணெய் லாரிகள்
தண்டையார்பேட்டைப் பக்கம் ஊர்ந்தன.
பென்சிலைக் காதில் செருகியபடி
யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்:
"இன்னும் வளருமாம்மா?
பிரிச்சுத் தைக்க உள்ள எவ்ளோ துணி விடட்டும்?"

எவ்வளவு இருக்கிறது என்று
துணியை விரித்துப் பார்த்தேன்.