உலர் எடை

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு
என் வீட்டுக்குள் வெயில் எங்கே விழும் என்று
நாலு வருஷமாய் எனக்குத் தெரியாது.
மிக்ஸி மேல் விழுகிறது.
மூடியில் ஒரு விரிசல்.
எப்போது விட்டதோ.

தர்மபுரிக்குப் போன காலத்தில்
அஞ்செட்டியில் நாலு பத்துக்கு வண்டி.
ஒகேனக்கல் காட்டில் யானை நின்றால்
டிரைவர் விளக்கை அணைத்துவிடுவார்.
இருட்டில் நாற்பது பேர் மூச்சைப் பிடித்திருக்க
நான் மணி பார்ப்பேன்.
ஏழரைக்குப் போய்ச் சேராவிட்டால்
மிஷின் அடுத்தவருக்கு.
யானைக்கு என்ன அவசரம்,
அதன் கிட்னி நன்றாயிருக்கிறது.

பென்னாகரத்தில் வண்டி மாறும்போது
திம்மராயன் அண்ணன் ஜன்னல் வழியே துண்டை எறிந்து
எனக்கும் சேர்த்து இடம் போடுவார்.
திரும்பும்போது துண்டு எறியத் தெம்பிருக்காது.
படிக்கட்டை ஒட்டிச் சரிந்து உட்காருவோம்.
அவர் வாந்தி எடுக்க நான் பை பிடிப்பேன்.
அடுத்த முறை, நான் எடுக்க அவர்.

தேன்கனிக்கோட்டையிலேயே டயாலிசிஸ் வேண்டும் என்று
மனு எழுதியதும் அவர்தான்.
பத்தொன்பது பேர்.
கையெழுத்து எட்டு, ரேகை பதினொன்று.
ரேகை வைத்த கைகளிலெல்லாம் முழங்கைக்குக் கீழே
தேனடைபோல் ரீங்கரிக்கும் ஒரு நரம்பு.
என்னுடையதில் காது வைத்துப் பார்த்து
மகன் கேட்டான்:
"உள்ள மோட்டார் ஓடுதாம்மா?"

மிஷின்கள் நாலு வந்தன.
நாங்கள் பதிமூன்று பேர் மீதி.
ரிப்பன் வெட்டிய அன்றே
தண்ணீர் சுத்திகரிக்கும் அறையில் வால்வு ஒழுகி
இன்னும் பதினாறு நாள்
பழைய வண்டியிலேயே போய்வந்தோம்.

இப்போது ஆறரை வண்டி.
பையன் பல் விளக்குவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.
பாதிப் பேஸ்ட்டை விழுங்குகிறான்,
இத்தனை நாள் யார் கண்டது.

ஜெபக்கனி சிஸ்டருக்கு நாகர்கோவில் பேச்சு.
"எவ்வளவு தண்ணி குடிச்சிய?"
"ரெண்டு டம்ளர்."
எடை மேடை மூன்று கிலோ கூட என்று சொல்லும்.
அவள் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொள்வாள்.
மிஞ்சிய நீரெல்லாம் போனபின் நான் எவ்வளவோ
அதற்கு உலர் எடை என்று பேர்.
நாற்பத்து மூன்று.
ஒட்டுக் கொத்தமல்லி மூட்டை ஒன்று
இதைவிடக் கனக்கும்.

பெரிய டாக்டர் கிருஷ்ணகிரியிலிருந்து திரையில் வருவார்.
குரல் முன்னால், உதடு பின்னால்.
காலை அமுக்கிப் பார்க்க அங்கிருந்து கை எட்டாது.
சிஸ்டர் அமுக்கிவிட்டுக்
குழியின் ஆழத்தைச் சொல்வாள்.
அவர் தலையாட்டுவார்,
அதுவும் கொஞ்சம் தாமதமாய்.

போன வியாழன் கெம்பம்மா வந்தாள்.
திம்மராயன் அண்ணனின் சம்சாரம்.
பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நின்றவள்
எங்கள் கதவுக் கண்ணாடியில் நெற்றியைப் பதித்திருந்தாள்.
செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்கள்.
குழாயில் சுற்றும் சிவப்பைப் பார்த்தாள்.
மிஷின் பக்கத்தில் போய் நின்று
அதன் உயரத்தைத் தன் தோளோடு வைத்துப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?
பீரோ அளவுகூட இல்லையே."

பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.
மிஷின் ஒருமுறை பீப் என்றது.
சிஸ்டர் வந்து எதையோ அழுத்திவிட்டுப் போனாள்.

"எனக்கு ஆக இன்னும் முக்கால் மணி நேரம்," என்றேன்.
"பன்னெண்டு பத்துக்கு நம்ம வண்டி."

"அப்ப முன்னால போய் இடம் போட்டு வைக்கிறேன்," என்றாள்,
அந்த நேரத்து வண்டி
காலியாகத்தான் வரும் என்று தெரிந்தும்.

ஊசி எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்து,
மேடையில் ஏறினேன்.
நாற்பத்து மூன்று.
நூறு கிராம் கூட.