குடும்ப அட்டை

உன் வீட்டையும் கணக்கெடுக்கச் சொன்னால்
படிவத்தில் இப்படித்தான் எழுதுவேன்.

குடும்பப் பெயர்: ஃபிளாவி.
மஞ்சள் என்று அர்த்தமாம்,
பயிற்சி வகுப்பில் டாக்டர் சொன்னார்.
மஞ்சள்காய்ச்சல் என்கிற மூத்தவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.
ஜப்பான் பெயர் வைத்துக்கொண்ட ஒருத்தி
பன்றிக்கும் கொக்குக்கும் நடுவே வயலில் கிடக்கிறாள்.
ஒருவன் குரங்குகளோடு கர்நாடகக் காட்டில்.
ஊசியில் ஏறி வருகிற ஒருவன்
ஈரலில் இருபது வருடம் வாடகை தராமல் இருப்பான்.
சிக்குன்குனியாவும் உன் ஆளா என்று கேட்டேன்.
இல்லையாம், வேறு குடும்பம்.
ஏறி வரும் பஸ் மட்டும் ஒன்று.

உடம்பென்று சொல்ல ஒரு கொழுப்புப் பை,
உள்ளே ஒற்றை இழை,
பதினோராயிரம் எழுத்துகூடத் தேறாது.
படியெடுக்கையில் பிழை பார்க்கவும் ஆளில்லை.
பிழையாலேயே பிழைக்கிறாய்.

டெங்கு என்ற பெயரில் நான்கு பேர்.
முகச்சாயல் ஒன்றேபோல். அதுதான் வினை.

களியலில் அருள்தாசன், ரப்பர் வெட்டுகிறவன்.
ஒக்கி அடித்த வருடம் நால்வரில் ஒருவன் வந்து
எலும்பெல்லாம் முறித்துப் போட்டு
பத்து நாளில் போனான்.
உடம்பு அவனை ஓர்மையில் வைத்திருந்தது.
இந்த இடவப்பாதி மழையில் தம்பிக்காரன் வந்து கதவைத் தட்ட,
பழைய ஆள்தானே என்று
அந்த ஓர்மையே கைபிடித்து
உள்ளே கூட்டிப்போனது.

நாலாம் நாள் காலையில் விஜுலா போன் பண்ணினாள்.
"எக்கா, காய்ச்சல் விட்டாச்சு. கஞ்சி குடிச்சாரு."
எனக்குக் கை நடுங்கியது.
காய்ச்சல் விடுகிற நாளில்தான்
ரத்தக்குழாயின் தையலைப் பிரிப்பாய் நீ.
"வயிறு வலிக்கான்னு கேளு.
வண்டி பிடி பிள்ளே, இப்பவே."

குலசேகரத்தில் நாற்பதாயிரம்.
ஆசாரிப்பள்ளத்தில் இறக்கும்போது பதினொன்று.
பை ஒன்றைத் தொங்கவிட்டார்கள்,
உன் பெயரின் நிறத்தில்.
அடுத்த பைக்கு ரத்த வங்கிக்கு ஓடியது நான்தான்.
திரும்பி வந்தபோது
கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

மறுவாரம் தோட்டத்துக்குப் போனேன்.
மழைக்கு வெட்டு நின்று இருபது நாள்.
முந்நூற்று அறுபது மரம், மரத்துக்கொரு சிரட்டை,
சிரட்டைதோறும் வெள்ளம்,
வெள்ளத்தில் துள்ளுகிற நூல்துண்டுகள்.
முதலாளி ஷார்ஜாவில்.
சிரட்டை கவிழ்க்கிற கூலிக்கு
அவர் கணக்கில் பத்தி கிடையாது.

விஜுலா ஒரு வரிசையைக் கவிழ்த்துக்கொண்டே போனாள்.
நான் அடுத்த வரிசை.
ஒன்றும் பேசவில்லை.
அவள் கணுக்காலில் அட்டை ஏறியிருந்ததை
அவள் அறியவில்லை.
உப்பு வைத்து எடுத்தேன்.
ரத்தம் வெகுநேரம் நிற்காமல் வந்தது.

பிறகு அவள் வீட்டுச் சுவரில்
சாக்பீஸால் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
தொட்டி, சரி. பிரிட்ஜின் பின்தட்டு, சரி.
ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை
அவள் இன்னும் எடுக்கவில்லை.
அதைக் கேட்பது என் வேலையில்லை.
வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில்
நான்கு என்றே எழுதினேன்.