நாலாயிரத்து முந்நூறு

மார்த்தாண்டத்தில் ரசல் கடையில்
பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தான்.
மூவாயிரம், நாலாயிரத்து முந்நூறு, ஆறாயிரம்,
ஒவ்வொன்றின் வாலிலும் கெல்வின் என்று ஒரு பெயர்.
பெரிய எண்ணை எடுத்தேன்.
மார்க் ஷீட் பார்த்து வளர்ந்தவள்
வேறெதை எடுப்பேன்?

என் ஆம்னியின் பழைய பல்புகள்
கருப்பட்டிக் காப்பி நிறத்தில் எரிந்தன,
குழியை விழுந்த பிறகுதான் காட்டின.
புதியது போட்டதும்
பொன்மனை திருப்பத்தில் ரப்பர் மரங்கள்
ஆஸ்பத்திரிச் சுவராக வெளுத்து நின்றன.
சிரட்டையில் பால் சொட்டுவதுகூடத் தெரிந்தது.
மூன்று மணிக்குப் பால் வெட்டப் போகிற ஒருவர்
நெற்றி விளக்கோடு ஓரத்தில் ஒதுங்கி
கத்தி பிடித்த கையை முகத்துக்கு நேரே தூக்கினார்.
வணக்கம் என்று நினைத்து
ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்.

தோவாளைச் சந்தையில்தான் பிடிபட்டது.
வண்டி வெளிச்சத்தில் சாக்கைப் பிரித்தால்
கேந்தி எலுமிச்சையாக இருக்கிறது,
சிவப்பு அரளி உறைந்த ரத்தம்,
பிச்சி மொட்டின் அடியிலிருக்கும் அந்த லேசான ரோஸைக் காணவில்லை.
பூ நேற்றையதா என்றேன்.
தாணுலிங்கத்துக்கு முகம் சிவந்திருக்கும்,
எனக்கு நீலமாகத்தான் தெரிந்தது.
'உனக்க லைட்ட அணச்சிட்டுப் பாரு பிள்ளே'
என்று தன் குண்டு பல்புக்குக் கீழே இழுத்துப்போனார்.
அங்கே கேந்தி கேந்தியாக இருந்தது.
ஆனால் அதற்குள் கோபத்தில் கிலோவுக்கு ஐந்து ரூபாய்
குறைத்துச் சொல்லிவிட்டார். நான் விடவில்லை.

ஐப்பசி பிறந்தது.
வில்லுக்குறியில் மழை இறங்கியபோது
என் வெளிச்சம் ரோட்டுக்குப் போகவே இல்லை.
பத்தடி முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்,
மழையே அந்தச் சுவர்,
நான் அனுப்பியதையெல்லாம்
எனக்கே திருப்பி எறிந்தது.
எதிரே வந்த களியக்காவிளை பஸ்
இரண்டு முறை கண் சிமிட்டியது,
மூன்றாவது முறை கெட்ட வார்த்தை சொன்னது.
ஓரம்கட்டினேன்.
முளகுமூட்டில் ஒன்பது மணிக் கல்யாணம்,
பூ இன்னும் வாங்கவே இல்லை.

ரசல் ஒரு ஸ்டூலைத் தள்ளினான்.
'மெற்றில்டாக்கா, அது வெளிச்சத்துக்க அளவு இல்ல,
நெறத்துக்க அளவாக்கும்.
இரும்பப் போட்டு ஊதுங்க. மொதல்ல செவக்கும்,
பொறவு மஞ்சளாவும், பொறவு வெளுக்கும்,
இன்னும் ஊதினா நீலம்.
அதுவரைக்கும் இரும்பு நிக்காது, உருகிப்போவும்.
கணக்குக்குச் சொல்லுதேன்.'
அப்போ நீலம்தானே கூடுதல் சூடு,
பெட்டியில் குளிர் வெள்ளை என்று போட்டிருக்கிறதே?
தலையைச் சொறிந்தான்.
'எண்ணு போட்டவன் வேற, பேரு போட்டவன் வேற.'

நாலாயிரத்து முந்நூறைப் பொருத்தினான்.
பம்பருக்குக் கீழே மூவாயிரத்தில் இரண்டு, மழைக்கு.
பிறகு சர்ச் மதிலுக்கு இருபத்தைந்து அடி தள்ளி
வண்டியை நிறுத்தச் சொல்லி
மதிலில் சாக்பீஸால் கோடு கிழித்தான்.
'எவ்வளவு பாரம் ஏத்துவிய?'
இருநூறு கிலோ வரும் என்றேன்.
கடைப் பையன்கள் நாலு பேரைப் பின்னால் ஏற்றினான்.
வால் தாழ்ந்தது, மூக்கு உயர்ந்தது,
கோட்டுக்குக் கீழே இருந்த வெளிச்சம்
மதிலேறிக் குதித்தது.
ஒவ்வொரு விடியலிலும் பூவோடு திரும்பும்போது
இப்படித்தான் போயிருக்கிறேன்,
என் பாரத்தை எதிரே வருகிறவர்கள் கண்ணில் இறக்கிக்கொண்டு.
ஸ்குரூவைத் திருகத் திருக
அது மெல்ல இறங்கிக் கோட்டில் உட்கார்ந்தது,
பஸ்ஸில் சீட் கிடைத்தவனைப் போல.

நேற்று பொன்மனை திருப்பம்.
ரப்பர் இலை பச்சை. தார் கறுப்பு.
வெட்டுக்காரர் கையைத் தூக்கவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது,
ஹாரன் அடிக்க ஒரு காரணமும் இல்லை.
தோவாளையில் சாக்கைப் பிரித்தேன்.
கேந்தி நாட்டுக்கோழி முட்டையின் கருவாக,
அரளி சிவப்பாக,
பிச்சி மொட்டின் அடியில் அந்த ரோஸ்
கைக்குழந்தையின் குதிகாலாக.
நல்லாத்தான் இருக்கு என்று
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
தாணுலிங்கம் கேட்டுக்கொண்டே தராசைத் துடைத்தார்.
கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டினார்.