விட்டுப்போன அரைமணி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே,
வாய்க்கால் களைத்து வந்து சேரும் கடைமடையில்
பன்னிரண்டடி இரும்புக் கோபுரம்.
நட்ட நாளிலிருந்து என் பொறுப்பு.
நொடிக்குப் பத்து முறை காற்றைத் தொட்டுப் பார்க்கும்:
எவ்வளவு கரி உள்ளே போனது,
எவ்வளவு நீர் வெளியே போனது.
கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்க வேண்டும்.
சிலந்தி கட்டியதைக் கலைக்க வேண்டும்.
கரிச்சான் வந்து உட்கார்ந்தால்
அன்றைய கணக்கில் எச்சம்.

வயல்காரர் இருதயசாமி கேட்பார்:
"எம் பயிரு மிஷின்ல என்னம்மா பேசுது?"
பேரம் பேசுது என்பேன்.
ஒரு பங்கு கரி வாங்க
நானூறு பங்கு நீரைக் கொட்டுகிறது இலை.
வாய் திறந்தால்தான் வரவு,
செலவுக்கும் அதே வாய்.
"நம்ம வீட்டுக் கல்யாணமாட்டம்" என்றார்.

வரப்புப் பனை அப்படியில்லை.
தடித்த ஓலை, மேலே மெழுகு.
வெயில் ஏறினால் கதவடைத்துக்கொள்ளும்.
நூறு வருஷம் இருப்பவருக்கு என்ன அவசரம்.
நெல்லுக்கு மெல்லிய இலை, நாலைந்து மாதம்,
சேர்த்து வைக்க நேரமில்லை.

தாள் ஒன்றைக் குறுக்கே அறுத்துக் காட்டினேன்.
உள்ளே ஓட்டை ஓட்டையாய்க் குழாய்கள்.
சேற்றில் முங்கிய வேருக்கு
மூச்சு இறங்கும் வழி.
அதே வழியில்
சேற்றின் வாயு ஏறி வானத்துக்குப் போகிறது.
பிழைக்கப் போட்ட பாதை;
யார் யார் நடக்கிறார்கள் என்று
நெல் எப்படிக் கேட்கும்?

புரட்டாசியில் முறை தப்பியது.
பத்தொன்பது நாள் மதகுக்கு இந்தப் பக்கம் ஈரமில்லை.
இலைகள் ஊசியாய்ச் சுருண்டன.
திரையில் நடுப்பகலில் எழும்பும் மேடு
தினம் கொஞ்சம் தாழ்ந்தது.
மேற்கு வயலில் குழியடிச்சான், வேர் ஒரு சாண் அதிக ஆழம்,
இன்னும் விரிந்தே நின்றது.
மேலைக் காற்றடித்தால் கோபுரத்துக்கு அதன் கதை,
கீழைக் காற்றடித்தால் இருதயசாமியின் கதை.
அவர் எண்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு
காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

இருபதாம் நாள் விடியலில்
பனி துடைக்க ஏணியில் நின்றேன்.
கீழே ஒரு சத்தம்,
சுட்ட கல்லில் தோசைமாவு விழுவதுபோல.
வெடிப்புகளுக்குள் தண்ணீர்.
நண்டு ஒன்று வீட்டைவிட்டு ஓடியது.
மண்வெட்டியோடு ஓடிவந்த இருதயசாமி
கோபுரத்தடியில் நின்றார், அப்படியே.
நானும் இறங்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து மத்தியானம் போன்:
"அஞ்சரையிலிருந்து ஆறு வரை கரி எகிறியிருக்கு.
சென்சார் பக்கத்தில் யாராவது இருந்தீங்களா?"
நான்தான் சார், மூச்சு.
"சரி, அந்த அரைமணியை எடுத்துடறோம்,
முன்னே பின்னே பார்த்து நிரப்பிக்கலாம்."

அந்த அரைமணியில்தான்
முதல் இலை சுருள் அவிழ்ந்தது என்று நினைக்கிறேன்.
நிரூபிக்க எண் இல்லை.
கணக்கில் இப்போது அங்கே
யாரும் நிற்காத,
தண்ணீர் வராத ஒரு சராசரி.

இருதயசாமியின் பீடியைப் பற்றி
நான் சொல்லவில்லை.